நுனி முறிந்த வெண்டிக்காய்

கிறிஸ்துராஜா அண்ணையிடம் ஒரு புதுச் சாமானை விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. லண்டனில் பிளேஸ்டோவில் ஒன்று, கிங்ஸ்பரியில் ஒன்று, லூயிஷாமில் ஒன்று என்று மூன்று மரக்கறிக் கடைகளை நடத்துகிற மனுசன். படம் போட்டு விளக்கினால் கொட்டாவி விடுவார். விலைப் பட்டியலை நீட்டினால் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைப்பார். "சனிக்கிழமை கடையில கொண்டுவந்து வையுங்கோ, சனம் எடுக்குதோ எண்டு பாப்பம்" என்பார். அவ்வளவுதான் அவருடைய பரீட்சை. பின்னேரத்துக்குள் சனம் எடுத்தால், மூன்று கடைகளுக்கும் கிழமைக்குக் கிழமை, வாரம் தவறாமல் எடுப்பார். எடுக்காவிட்டால், மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகச் சொல்லி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் தந்து அனுப்பிவைப்பார். அந்த வாழைப்பழத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியவர்கள் கிழக்கு லண்டனில் நிறையப் பேர்.

அந்தச் சனிக்கிழமை பிளேஸ்டோக் கடையில் பரீட்சைக்கு நின்றவள் பெர்னடெற்.

பெர்னடெற் மன்னார்க்காரி. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது, அதற்குமேல் ஓடுகிற வாய். லண்டனில் ஒரு பெரிய இறக்குமதிக் கொம்பனியின் ஒபிஸில் நெடுங்காலம் இருந்தாள். ஆபிரிக்காவிலிருந்து வருகிற மரக்கறி சுப்பர்மார்க்கெற்றுக்குச் சரிவருமா வராதா என்று பார்க்கிற வேலை. காய் வளைந்திருந்தால் வேண்டாம், புள்ளி விழுந்திருந்தால் வேண்டாம், நீளம் கூடினாலும் குறைந்தாலும் வேண்டாம். அங்கே விதைத்துத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இந்த 'வேண்டாம்' மட்டும்தான் போய்ச் சேரும். என்ன வேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. இது அவளுக்குப் பொறுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டாள். அங்கே விளைவிக்கிறவர்களுக்கு இங்கே வாங்குகிறவர்களைத் தேடிக் கொடுப்பதையே சொந்தத் தொழிலாகத் தொடங்கினாள். அவளுடைய புருசன் றூபன் ஒரு நாள் முழுக்க "உனக்கென்ன விசரே, மூளை கலங்கிப்போச்சே?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் பழைய வான் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அவனுக்கு அப்படித்தான் சம்மதிக்கத் தெரியும்.

அவள் முதன்முதலாகக் கைகொடுத்தது நகிமூலிக்கு. உகண்டாவில், ஏரிக்கரையோரக் கிராமம் ஒன்றில் வெண்டி போடுகிற பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் பொதுவாக இருந்ததால் போனில் தொடங்கிய பழக்கம், வியாபாரம் பேசி முடிந்த பிறகும் மாமியார் கதை, பிள்ளைகள் கதை என்று நீண்டு, இப்போது இவள் ஞாயிற்றுக்கிழமைக் கோவில் பூசைக்குப் பிந்தினால் அவள் ஏசுகிற அளவுக்கு வந்துவிட்டது. நகிமூலியின் சங்கத்துக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அவர்களிடம் காய் எடுக்கிற லொறிக்காரன் மனம் வந்தால் வருவான், வராவிட்டால் வரமாட்டான். வெண்டிக்காய் அவனுக்காகக் காத்திருக்காது. ஒரு நாள் பிந்தினாலே முற்றிவிடும். ஒவ்வொரு கிழமையும் தவறாமல் எடுக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்றாள். "லண்டனில் எங்கள் சனம் இருக்கிறது. வெண்டிக்காய் இல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. அதை என்னிடம் விடுங்கள்" என்று பெர்னடெற் வாக்குக் கொடுத்தாள்.

வாக்குக் கொடுத்ததோடு நின்றாளா? அதுதான் இல்லை. பொதி செய்ய ஒரு கொட்டகை வேண்டும் என்றாள், கட்டினார்கள். தலைக்கு வலை போடுங்கள், கைக்கு உறை போடுங்கள் என்றாள், போட்டார்கள். எல்லாக் காயும் ஒரே நீளமாக இருக்கட்டும், நுனி உடைந்த காயைத் தனியே எறிந்துவிடுங்கள், தட்டில் அடுக்கி மேலே பிளாஸ்ரிக் தாளை இழுத்து ஒட்டுங்கள் என்றாள். அதற்கென்று ஒரு மெசினும் வந்து இறங்கியது. அந்தப் பெண்கள் குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனத்தோடு வெண்டிக்காயை எடுத்து வைக்கிறதை வீடியோவில் பார்த்துப் பார்த்து பெர்னடெற் பூரித்துப்போனாள்.

இப்போது அந்தத் தட்டுகள் கிறிஸ்துராஜா அண்ணையின் கடையில், நுழைந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. கோவிலில் முதல் நன்மை வாங்க வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் போல எல்லாக் காயும் ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் நகிமூலி. விசா கிடைத்து முதல் தடவையாக லண்டனுக்கு வந்தவள், தோள் இரண்டும் கூராக நிமிர்ந்து நிற்கிற தங்கள் ஊர்ப் பட்டு உடுப்பை உடுத்தி, இடுப்பில் அகலப் பட்டி கட்டி, கலியாண வீட்டு வாசலில் நிற்கிறவளைப் போலச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

சனமும் வந்தது. சனிக்கிழமைச் சனம் என்றால் கேட்க வேண்டுமா. வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தட்டுகளின் முன் நின்றார்கள். கையில் எடுத்தார்கள். பிளாஸ்ரிக்கின் மேலாக விரலால் அமத்திப் பார்த்தார்கள். திருப்பினார்கள், குலுக்கினார்கள், ஒருவர் மூக்கில் பிடித்து மணந்துகூடப் பார்த்தார். "வடிவாய்த்தான் கிடக்கு" என்றார்கள். பிறகு தட்டைப் பக்குவமாகத் திருப்பி வைத்துவிட்டு, சுவரோரமாகக் கிடந்த வழக்கமான வெண்டிக்காய்ப் பெட்டியடிக்குப் போனார்கள். அந்தப் பெட்டிக் காய் வேறு யாரோ அனுப்பியது. வந்து இரண்டு நாளாகி, வாடி, பாதி கறுத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. அதைத்தான் பை பையாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெர்னடெற் தட்டுகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை.

ரஞ்சனா என்று ஒரு டொக்டர், தமிழ்நாட்டுக்காரி, அந்தக் கடையில் வாடிக்கை. அவளை மறித்துக் கேட்டாள்.

"ஏன் டொக்டர், இதில என்ன குறை?"

"ஐயோ, குறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பார்க்க அழகா இருக்கு. ஆனா வீட்டுக்குப் போய்ப் பிரிச்சா முத்தலா இருந்தா என்ன பண்றது?"

"முத்தல் இல்லை. நான் சொல்றன்."

"ஆமா, நீங்க சொல்றீங்க" என்று சிரித்துவிட்டு ரஞ்சனாவும் சுவரோரம் போனாள்.

சற்று நேரத்தில் வசந்தமலர் வந்தாள். பெர்னடெற்றோடு ஒரே பங்குக் கோவில், ஒரே பாடகர் குழு. வந்ததும் வராததுமாக, "நீ நிண்டு கஷ்டப்படுறாய், எனக்கொண்டு தா" என்று ஒரே ஒரு தட்டை எடுத்துப் பையில் போட்டாள். கோவில் உண்டியலில் போடுகிற மாதிரி இருந்தது. அவள் எடுக்காமலே போயிருந்தால் இவ்வளவு நோகாது என்று பெர்னடெற் நினைத்தாள்.

நகிமூலியின் சிரிப்பு மெல்ல மெல்லச் சுருங்கியது. "ஏன் எடுக்கிறார்கள் இல்லை?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"புதுச் சாமான் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சம். மத்தியானத்துக்குப் பிறகு எடுப்பார்கள்."

பெர்னடெற் தன் வாழ்நாளில் பல பொய்கள் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு மோசமான பொய் சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்குக் கூச்சமாம்!

கவுன்ரரில் கிறிஸ்துராஜா அண்ணை நின்றார். இடைக்கிடை தட்டுகளை ஒரு பார்வை, வாழைக்குலையை ஒரு பார்வை. அந்த இரண்டாவது பார்வைதான் அவளைக் கொன்றது.

மத்தியானமும் வந்தது. மறுநாள் தமிழ்ப் பூசை முடிந்து செபக் குழுவினர் சாப்பிட வருவார்கள், வீட்டில் ஒரு காய் இல்லை என்பது அப்போதுதான் பெர்னடெற்றுக்கு நினைவு வந்தது. கவலை ஒரு பக்கம் இருக்க, கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு மளமளவென்று கடையைச் சுற்றினாள். வெங்காயம், கத்தரிக்காய், பச்சைமிளகாய். வெண்டிக்காய்ப் பால்கறி வைக்காவிட்டால் செபக் குழுத் தலைவருக்கு முகம் கோணும். சுவரோரப் பெட்டியடிக்கு வந்தாள். ஒரு காயை எடுத்தாள். பெருவிரலால் நுனியை அமத்தினாள். வளைந்தது. போட்டாள். அடுத்ததை எடுத்து அமத்தினாள். டக்கென்று முறிந்தது. பைக்குள் போட்டாள். அடுத்தது. டக். பைக்குள்.

"என்ன செய்கிறீர்கள்?"

திரும்பினாள். நகிமூலி பின்னால் நின்றாள்.

பெர்னடெற் தன் கையைப் பார்த்தாள். கையில் நுனி முறிந்த வெண்டிக்காய். பையில் அடுத்தவன் அனுப்பிய சரக்கு. கையும் களவுமாகப் பிடிபட்டாள் என்று சொல்வார்களே, அது அன்றைக்கு அவளுக்கு அட்சரம் பிசகாமல் நடந்தது.

"ஏன் உடைக்கிறீர்கள்?" நகிமூலியின் குரலில் சிநேகிதம் இல்லை.

"பிஞ்சா என்று பார்க்க... பிஞ்சென்றால் முறியும். முற்றல் என்றால் வளையும்."

"எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்களா?"

பெர்னடெற் பெட்டியடியைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒரு மனிதரும் குனிந்து நின்று முறித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு மேலே 'நுனியை முறிக்க வேண்டாம்' என்று அறிவித்தல் தொங்கியது. அதை வாசித்துக்கொண்டே முறித்தார்கள்.

"எல்லோரும்தான்" என்றாள்.

"நுனி உடைந்தால் எறியச் சொன்னீர்கள்." நகிமூலிக்கு மூச்சு வாங்கியது. "கூடை கூடையாக ஆட்டுக்குப் போட்டோம். புரொஸ்கோவியா எங்களில் வயது கூடியவள், கை நடுங்கும், நுனி உடைந்துவிடும். எத்தனை நாள் அவளை நான் எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறேன்! நீங்கள் சொன்னதால் ஏசினேன். நாங்கள் இந்தக் காயைச் சாப்பிடுவதில்லை, எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை?"

ஏன் சொல்லவில்லை? மறைத்திருந்தால்கூட ஒரு பதில் சொல்லலாம். அவள் மறைக்கவில்லை, அது அவளுக்குத் தோன்றவேயில்லை. கழுத்தில் ஒபிஸ் அட்டையை மாட்டிக்கொண்டு நுனி உடைந்த காயைக் கழித்தது ஒரு பெர்னடெற். வேலை முடிந்து வருகிற வழியில் கடைக்குள் புகுந்து நுனியை உடைத்துக் காய் வாங்கியது இன்னொரு பெர்னடெற். இத்தனை வருசமும் இந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. முறிக்காமல் ஒரு வெண்டிக்காயைத் தன் ஆயுளில் வாங்கியிராத ஒருத்தி, முறிக்க முடியாதபடி பிளாஸ்ரிக் போட்டு ஒட்டி, அதைத் தமிழ்ச் சனத்திடம் விற்க வந்து நிற்கிறாள். வெட்கத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

"நான் பெரிய பிழை விட்டுவிட்டேன், நகிமூலி" என்றாள். "ஒபிஸ் மூளையோடு உங்களுக்குச் சொல்லித் தந்தேன். என் சனத்தையே எனக்கு மறந்துபோச்சு. மன்னியுங்கள்."

நகிமூலி திரும்பிப்போய்த் தன் தட்டுகளின் முன் நின்றாள். பெர்னடெற் பின்னாலேயே போனாள்.

"பிளாஸ்ரிக்கைக் கிழித்தால் எடுப்பார்கள். எனக்கு நிச்சயம். ஆனால்..." என்று இழுத்தாள். திங்கட்கிழமை ஒரு சுப்பர்மார்க்கெற் கொம்பனியின் ஆளைச் சந்திக்க நேரம் கேட்டு வாங்கியிருந்தாள். அவருக்குக் காட்டவும் இந்தத் தட்டுகள்தான் இருந்தன, வேறு காய் இல்லை. இங்கே சரிவராவிட்டால் கடைசி நம்பிக்கை அதுதான். கிழித்துவிட்டால் அதுவும் போச்சு. இதை ஒளிக்காமல் சொன்னாள்.

நகிமூலி அவள் பக்கம் திரும்பினாள். "திங்கட்கிழமை மனிதர் இந்தக் காயைச் சாப்பிடுவாரா?"

"சந்தேகம்தான்."

"இங்கே நிற்கிறவர்கள்?"

"நாளைக்கே சமைப்பார்கள்."

"அப்படியென்றால் கிழியுங்கள்" என்றாள் நகிமூலி. சொன்னதோடு நிற்காமல் முதல் தட்டை அவளே எடுத்து, நகத்தால் பிளாஸ்ரிக்கைக் குத்தி இழுத்தாள்.

கிழிகிற சத்தம் கேட்டு கிறிஸ்துராஜா அண்ணை கவுன்ரரை விட்டு ஓடி வந்தார். "என்ன செய்யிறியள் பிள்ளை? விசரே உங்களுக்கு? இனி உந்தக் காயைத் திருப்பிக் கொண்டுபோகவும் ஏலாது!"

"திருப்பிக் கொண்டுபோறதுக்கு வரேல்லை அண்ணை. வெறும் பெட்டி ஒண்டு தாங்கோ."

அண்ணை அவளையும் பார்த்தார், அந்தப் பட்டு உடுப்புக்காரியையும் பார்த்தார். பிறகு போய், வாழைப்பழம் வந்த பெரிய மட்டைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து போட்டார். இரண்டு பேருமாகக் கிழித்துக் கிழித்துக் கொட்டினார்கள். வரிசையாக நின்ற காய்கள் குவியலாகி, அழகு குலைந்து, தலைகீழாகவும் குறுக்காகவும் கிடந்தன. அந்தக் கொட்டகைப் பெண்கள் இதைப் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள் என்று பெர்னடெற் நினைத்தாள்.

குவியலைக் கண்டால் எங்கள் சனத்துக்குக் கை சும்மா இராது. சுவரோரம் நின்ற மனிதர்தான் முதலில் வந்தார். ஒன்றை எடுத்து அமத்தினார். டக். அவருடைய புருவம் உயர்ந்தது. இன்னொன்று. டக். "அட, எல்லாம் பிஞ்சு!" என்றார். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மரக்கறிக் கடையில் 'பிஞ்சு' என்ற சொல்லை மெதுவாகச் சொல்ல முடியாது. அது எல்லாக் காதுக்கும் கேட்கும். ஒரு பக்கத்தால் ஒரு கை வந்தது, மறுபக்கத்தால் இரண்டு கைகள். கவுன்ரரில் காசு கொடுத்து முடித்துவிட்ட ரஞ்சனா, பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எந்த ஊர் வெண்டைக்காய் இது? முன்னாடியே இப்படிக் கொட்டி வச்சிருக்கக் கூடாதா?"

"உகண்டா" என்றாள் பெர்னடெற். "இந்தா நிக்கிறா, இவவின்ர ஆக்கள்தான் விளைவிச்சவை."

ரஞ்சனா நகிமூலியைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

டக், டக் என்று ஒவ்வொரு காயும் முறியும்போது, தன் விரல் முறிகிற மாதிரி நகிமூலி முதலில் முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரத்தில் சுளிப்பு நின்றது. பிறகு அவள் ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். முறிக்கிறபோது ஒரு சந்தேகம், முறிந்ததும் ஒரு சந்தோசம். அதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெர்னடெற்றின் தோளில் தோளால் இடித்தாள். அந்த இடியில் கோபம் பாதி போயிருந்தது.

வசந்தமலர் திரும்பி வந்தாள். பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே தட்டைக் கிழித்துப் பார்த்திருக்கிறாள், அவளுக்கு அதுவரைதான் பொறுமை இருந்தது. "அடியே, இவ்வளவு நல்ல சாமானை ஏன் மூடி வச்சனி?" என்று பெர்னடெற்றை ஏசிக்கொண்டே பெட்டிக்குள் புகுந்து, ஒரு பை நிரப்பி, இரண்டாவது பையை விரித்தாள். மற்றவர்களுக்கு முழங்கை பட்டது.

கவுன்ரரிலிருந்து கிறிஸ்துராஜா அண்ணையின் குரல் வந்தது. "வசந்தமலர் அக்கா, மற்றச் சனத்துக்கும் விடுங்கோ. எல்லாத்தையும் ஏன் அள்ளுறியள்? வாற சனியும் வரும். அதுக்கு அடுத்த சனியும் வரும்."

பெர்னடெற் அப்படியே நின்றாள். "என்ன சொன்னனீங்கள் அண்ணை?"

"உமக்குக் காதும் கேக்காதோ? மூண்டு கடைக்கும் கிழமைக்குக் கிழமை அனுப்பச் சொல்லும். உந்தப் பிளாஸ்ரிக் சீலை மட்டும் எனக்கு வேண்டாம்."

அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தாள் பெர்னடெற். வயதுக்குமேல் ஓடுகிற அந்த வாய் அன்றைக்கு ஓடவில்லை. மூன்று விரலைக் காட்டினாள். கடையைச் சுற்றிக் கையைக் காட்டினாள். "ஒவ்வொரு கிழமையும்" என்ற சொற்கள்தான் கடைசியில் வெளியே வந்தன. நகிமூலி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பட்டு உடுப்பின் கூர்த் தோள் கன்னத்தில் குத்த, பெர்னடெற் நன்றாக அழுதாள். அழுதது அவளுக்குச் சுகமாக இருந்தது.

நகிமூலி உடனே போனை எடுத்தாள். கொட்டகையில் எல்லோரும் காத்திருந்தார்களாக்கும், முதல் மணி அடித்தவுடனேயே எடுத்துவிட்டார்கள். சின்னத் திரைக்குள் தலைவலை போட்ட முகங்கள் நெருக்கியடித்தன. அவள் தங்கள் பாசையில் சொன்னாள். அங்கே ஒரு பெரிய கூச்சல். பிறகு அவள் இன்னும் ஏதோ சொன்னாள். கூச்சல் அடங்கியது.

"என்ன சொன்னீர்கள்?" என்றாள் பெர்னடெற்.

"இங்கே நுனியை உடைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்றேன். நம்ப மாட்டோம் என்கிறார்கள்."

பெர்னடெற் போனை வாங்கிப் பெட்டியின் பக்கம் திருப்பினாள். சுற்றிவர நின்ற கைகள் டக், டக்கென்று முறித்துக்கொண்டிருந்தன. கொட்டகைப் பெண்கள் வாயில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வசந்தமலர் நிமிர்ந்து போனைக் கண்டாள். களவு பிடிபட்டவளைப் போலக் கையைப் பின்னால் ஒளித்தாள். "ஆரடி உது?"

"இந்த ஆக்கள்தான் மலர், உந்தக் காயை ஆய்ஞ்சு அடுக்கி அனுப்பினவை."

"ஓ" என்றாள் வசந்தமலர். ஒளித்த கையை வெளியே எடுத்தாள். நுனி முறிந்த காயைத் திரைக்குக் கிட்டப் பிடித்து, மறுகையின் பெருவிரலை உயர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடுகிற அந்தப் பாடகர் குழுக் குரலில், "நல்ல பிஞ்சு! நல்ல பிஞ்சு!" என்று தமிழிலேயே கத்தினாள்.

அவர்களுக்கு விளங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பின்வரிசையில் நின்ற வயதான ஒருத்தியைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினார்கள். புரொஸ்கோவியா என்று நகிமூலி மெதுவாகச் சொன்னாள். அந்தக் கிழவி திரையில் நகிமூலியின் முகத்தைத் தேடிப் பார்த்தாள். நகிமூலி தலையசைத்தாள். கிழவி பக்கத்திலிருந்த கூடையிலிருந்து ஒரு வெண்டிக்காயை எடுத்தாள். நடுங்குகிற விரலால், வேண்டுமென்றே, அதன் நுனியை முறித்தாள்.